முதுகிலிருந்து சக்கரத்துக்கு: மருந்தடிக்கும் பம்பின் கதை

"தெளிப்பான்" என்பது புத்தகத் தமிழ். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் யாரும் அப்படிச் சொல்றதில்லை. பம்பு என்பார்கள். கைப்பம்பு, கால் பம்பு, முதுகுப் பம்பு, பவர் பம்பு என்று வகை வகையாக இருக்கும். தெளிப்பது என்ற பேச்சும் கிடையாது, "மருந்தடிக்கிறது"தான். அதில் போவது விஷம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பெயர் மருந்து.

இந்தக் குடும்பத்தில் இப்போது புதிதாக ஒரு ஆள் சேர்ந்திருக்கிறார். டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப் போகிற பம்பு வண்டி. பழைய சக்கரம் இரண்டு, ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம், மேலே 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, முன்பக்கம் ஹெச்.டி.பி. பம்பு என்று எல்லாரும் சொல்லும் பிஸ்டன் பம்பு, சுருட்டி வைத்த நீள ஹோஸ். கடையில் வாங்கினால் விலை கூடுதல் என்பதால் நிறையப் பேர் தெரிந்த வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்கிறார்கள். வேலை நன்றாகவே செய்கிறது. மாந்தோப்புக்கும் ஆகும், பருத்திக்கும் ஆகும்.

இந்த வண்டி எப்படி வந்தது என்று தேடிப்போனபோது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மருந்தடிக்கிற கருவியின் வரலாறு முழுக்க, மனிதனை விஷத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிறுத்துகிற முயற்சிதான். ஆனால் ஒவ்வொரு தடவை தள்ளி நிறுத்தும்போதும் பழைய ஆபத்து போய் புது ஆபத்து ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. கம்பெனிக் கருவியில் அந்தப் புது ஆபத்துக்கு ஒரு மூடியோ வால்வோ கண்ணியோ போட்டிருப்பார்கள். பட்டறையில் அதே கருவியைப் பார்த்துச் செய்யும்போது முதலில் விடுபடுவது அந்தப் பாகம்தான்.

செடியைப் பிடுங்கிய காலம்

முதலில் பம்பே இல்லாத காலத்தைப் பார்த்துவிடலாம். இந்தக் கரிசல் பக்கம் பழைய பருத்தி கருங்கண்ணியும் உப்பமும். மானாவாரியில் வருவது, குட்டை இழை. 1905 வாக்கில் கம்போடியா பருத்தி மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. கிணற்றுப் பாசனமுள்ள நிலங்களில் அது நன்றாக எடுபட்டது. இழை நீளம், விலையும் நல்ல விலை. ஆனால் கூடவே ஒரு பழக்கம் வந்தது. ஒரு வருடம் காய் எடுத்த செடியைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, அடுத்த வருடமும் எடுப்பது. தண்டுக் கூன்வண்டுக்கும் காய்ப்புழுவுக்கும் அது வருஷம் முழுக்கச் சாப்பாடு போட்ட மாதிரி ஆனது.

அன்றைக்கு அடிக்க மருந்து கிடையாது. அரசு என்ன செய்தது? 1919இல் மதராஸ் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. அதை வைத்து, கம்போடியா செடியைக் குறித்த நாளுக்குள் பிடுங்கியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பிடுங்காவிட்டால் அதிகாரிகளே ஆள் வைத்துப் பிடுங்கிவிட்டுச் செலவைத் தலையில் கட்டுவார்கள். பூச்சிக்குச் சாப்பாடு இல்லாத சில வாரங்களை உண்டாக்குவதுதான் நோக்கம். இன்றைக்கும் வேளாண் துறை "பருத்திமாரைப் பிடுங்கி அழியுங்கள்" என்று சொல்வதன் வேர் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் ரகங்கள் அங்கே உருவானவை. பெயரில் இருப்பது நம்ம ஊர்தான்.

திராட்சைத் தோட்டத்துப் பம்பு

பம்பு பிறந்தது பிரான்சில், திராட்சைக்காக. போர்தோ பக்கத்தில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமலிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிமேல் தெளித்து வைப்பார்களாம். பார்த்தால் விஷம் மாதிரி நீலமாக இருக்கும். அப்படித் தெளித்த கொடிகளை அடிச்சாம்பல் நோய் அண்டவில்லை என்பதைத் தாவரவியலாளர் மில்லார்தே கவனித்தார். 1885இல் கலவையின் செய்முறையை வெளியிட்டார். நாம் இன்றும் போர்டோ கலவை என்று சொல்வது அதைத்தான். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு.

இதே கலவை பதினைந்து வருடம் முன்னால் கிடைத்திருந்தால் இலங்கையின் கதையே வேறாக இருந்திருக்கலாம். 1869இல் அங்கே காப்பிச் செடியில் கண்ட இலைத்துரு நோய், கொஞ்ச காலத்தில் காப்பித் தோட்டங்களையே இல்லாமல் ஆக்கித் தேயிலைக்கு வழி விட்டது. பின்னால் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்கள் அதே நோயைச் சமாளித்தது போர்டோ கலவையை வைத்து.

முதலில் கலவையை வாளியில் எடுத்து விளக்குமாறு மாதிரி ஒரு கட்டால் உதறித்தான் தெளித்தார்கள். பாதி செடிமேல், பாதி ஆள்மேல். அதைப் பார்த்துதான் வெர்மோரெல் என்ற உற்பத்தியாளர் முதுகில் மாட்டும் பம்பைச் செய்து விற்றார். அதன் தொட்டி செம்பு. அழகுக்காக இல்லை. மயில்துத்தம் இரும்பைத் தின்றுவிடும். நம்ம ஊரிலேயே கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரும்புக் கத்தியை முக்குவார்கள். செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கத்திக்கு நடப்பதுதான் தொட்டிக்கும் நடக்கும். எந்த மருந்துக்கு எந்தத் தொட்டி என்ற முதல் பாதுகாப்புப் பாடம் இப்படி வந்தது. பழைய வீடுகளில் பித்தளைப் பம்பு கிடந்ததற்கும் இதே காரணம்.

மருந்து பெருகிய வருடங்கள்

1939இல் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் குணம் தெரிய வந்தது. கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு. இந்தியாவில் 1952இல் கல்கத்தா பக்கம் ரிஷ்ராவில் பி.ஹெச்.சி. தயாரிக்கத் தொடங்கினார்கள். 1954இல் டெல்லியில் டி.டி.டி. ஆலை. பம்பு செய்கிற உள்நாட்டுக் கம்பெனிகளும் அதே சமயத்தில் வளர்ந்தன. பம்பாயின் ஆஸ்பி 1946இல் தொடங்கியது.

மருந்து வந்த வேகத்துக்குச் சட்டம் வரவில்லை. 1958இல் கேரளாவில் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். யாரும் மருந்தடிக்கப் போகவில்லை. பாரத்தியான் என்ற மருந்து சரக்கோடு சரக்காக வந்து, வழியில் ஒழுகிக் கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் கலந்துவிட்டது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு, பத்து வருடம் கழித்து, 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1971இல் விதிகள். டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் அந்த விதிகளின்படி வருபவை. சிவப்பு கடும் விஷம், பச்சை இருப்பதில் குறைவு. மருந்தைக் கையாளும் ஆளுக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்றும் விதிகள் சொல்கின்றன.

கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் மருந்தைப் பற்றியது. பட்டறையில் செய்த கருவியை யாரும் வந்து சோதித்துப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் 2009இல் வந்த ஒரு வழிகாட்டு ஆணைப்படி, புழக்கத்தில் உள்ள பம்பு வண்டிகளைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும். இங்கே சோதிக்கிற ஆள் ஓட்டுகிறவர்தான்.

பருத்திக்காரர்களுக்கு அந்த வருடங்கள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு கணக்கு. முதுகுப் பம்பு 16 லிட்டர். நிறைத்தால் பம்போடு சேர்த்துச் சுமார் 20 கிலோ. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை நிறைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை 75 செ.மீ. என்று வைத்தால், ஓர் ஏக்கரின் எல்லா வரிசையும் நடக்க ஐந்தரைக் கிலோமீட்டர் ஆகிறது. 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு, இப்போதுதான் மருந்து பட்ட செடிகளுக்கு நடுவே. மூடி கொஞ்சம் லூசாக இருந்தால் குனியும்போதெல்லாம் முதுகில் வழியும். பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைக்கும் முன்னால், இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் சுமார் நூற்றுக்கு ஐந்து பங்கான பருத்திக்கு மொத்தப் பூச்சிமருந்தில் ஏறக்குறைய பாதி போனது என்று சொல்வார்கள். அந்தப் பாதியும் பெரும்பாலும் யாரோ ஒருவர் முதுகில் ஏறிப் போனதுதான்.

பி.டி. வந்ததும் முடிந்துவிடவில்லை. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விவசாயிகளும் கூலிக்காரர்களும்தான். அந்த வருடம் செடி வழக்கத்தைவிட உயரம். முகத்துக்கு நேராக அடித்தார்கள். வேகமாகப் பீய்ச்சும் புதுப் பம்புகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

சக்கரம் வந்தது

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் சேத்தூர், தேவதானம், மம்சாபுரம் என்று வரிசையாக மாந்தோப்பு. ராஜபாளையம் சப்பட்டை என்றால் தெரியாதவர் குறைவு. மாமரம் பூவெடுக்கும்போது தத்துப்பூச்சி வந்து பூங்கொத்தில் சாறு உறிஞ்சும். அப்போது அடிக்காவிட்டால் பிஞ்சு நிற்காது. மரமோ உயரம், முதுகுப் பம்பு எட்டாது. அதனால்தான் தோப்புகளில் முதலில் டிரம்மும் என்ஜின் வைத்த பிஸ்டன் பம்பும் நீள ஹோஸும் துப்பாக்கி மாதிரி நாசிலும் வந்தன. டிரம்மை வண்டியில் ஏற்றினார்கள். பிறகு டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார்கள். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலேயே பம்பை ஓட்டலாம் என்று ஆனதும் தனி என்ஜின் தேவைப்படவில்லை. வண்டி பிறந்துவிட்டது.

முதுகுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒருநாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய விஷயம்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. வண்டி செய்தவர் தன் தோப்போடு நிறுத்துவதில்லை, அடுத்தவர் தோப்புக்கும் வாடகைக்குப் போகிறார். முன்னால் ஒரு ஊரின் மருந்து முப்பது, நாற்பது முதுகுகளில் பிரிந்தது. இப்போது அதே மருந்து ஒரு டிரைவர், ஹோஸ் இழுக்கும் ஓர் ஆள், துப்பாக்கி பிடிக்கும் ஓர் ஆள் என்று மூன்று பேர்மேல் சீசன் முழுக்க விழுகிறது. ஒரு தடவை சமாளித்துக்கொள்ளும் சின்ன ஒழுகலை அவர்கள் அறுபது நாள் தாங்க வேண்டும். அதனால்தான் இந்த வண்டியைச் சரியாகச் செய்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

சும்மா இருக்கிற பாகங்கள்

பட்டறையில் செய்த வண்டிகளைப் பார்த்தால் தொட்டி, பம்பு, ஹோஸ், நாசில் எல்லாம் பழுதில்லாமல் இருக்கும். இல்லாமல் இருப்பது, பார்த்தால் எந்த வேலையும் செய்யாத பாகங்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பி.டி.ஓ. தண்டின் மூடி. அமெரிக்க டிராக்டர்களில் 1918 வாக்கில் வந்து, 1920களில் அளவு நிர்ணயிக்கப்பட்டது பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. நாலு செ.மீ. தடிமனுள்ள தண்டு ஒரு விநாடியில் ஒரு மீட்டருக்கு மேல் துணியைச் சுற்றிவிடும். நாலு முழ வேட்டி இரண்டு விநாடிக்குள் உள்ளே போய்விடும். கையை நீட்டி கிளட்சை மிதிக்கச் சொல்ல நேரம் கிடையாது. நம் நாட்டில் கதிரடிக்கும் இயந்திரங்களில் கை போனவர்கள் இத்தனை பேர் என்று ஆனபிறகுதான் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது. தண்டுக்குப் பிளாஸ்டிக் மூடி தனியாகவே கிடைக்கும். அது இல்லாமல் வண்டியை ஓட்டவே கூடாது. துண்டு, வேட்டி, சேலையோடு பக்கத்தில் போகவும் கூடாது.

ரிலீஃப் வால்வு. பிஸ்டன் பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு தண்ணீர் என்று தள்ளியே தீரும். துப்பாக்கியை மூடினால் அந்தத் தண்ணீர் போக இடம் வேண்டும். வால்வும் தொட்டிக்குத் திரும்பும் குழாயும் இல்லாவிட்டால் எது பலவீனமோ அது வெடிக்கும், பெரும்பாலும் ஹோஸ். இந்தப் பம்புகள் சதுர செ.மீ.க்கு 20 முதல் 40 கிலோ வரை அழுத்தம் கொடுப்பவை. 7 கிலோ அளவிலேயே மெல்லிய பீச்சு தோலைத் துளைத்துவிடும். ஹோஸில் ஊசி ஓட்டை தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. மருந்து தோலுக்குள்ளேயே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய காயம் அது. பிரஷர் கேஜும் அழுத்தத்துக்கு ஏற்ற ஹோஸும் கட்டாயம்.

தொட்டிக்குள் தடுப்பு. மொட்டைமாடியில் வைக்கும் தொட்டி அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. 500 லிட்டர் என்றால் அரை டன் தண்ணீர். நிறைந்த தொட்டியைவிடப் பாதித் தொட்டி ஆபத்து, ஏனென்றால் அது அலையடிக்கும். வரப்பில் ஏறும்போது தண்ணீர் எல்லாம் ஒரு பக்கம் ஓடி வண்டியைச் சாய்த்துவிடும். உயரத் தொட்டியைவிட்டு, படுக்கையாக இருக்கும் தொட்டி, உள்ளே தடுப்புள்ளது, வாங்குவது நல்லது. சக்கர அகலம் கூடுதலாக, தொட்டி தாழ்வாக. கயிறு போதாது, இரும்புப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும்.

கொக்கி. வண்டியை டிராக்டரின் டிராபாரில் மட்டும்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாதிரி உயரமான இடத்தில் மாட்டி இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும். அப்படிக் கவிழ்ந்தால் டிரைவர் தப்பிப்பது கஷ்டம். தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து, எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் விழும்படி செய்தால் வண்டி ஆடாது. பின்னுக்கு லாக், கூடவே ஒரு சங்கிலி.

தொட்டியின் உலோகம். செம்பு, இரும்புக் கதை இங்கே திரும்பி வருகிறது. களைக்கொல்லியான கிளைபோசேட்டைத் துத்தநாகம் பூசிய தொட்டியிலோ சாதா இரும்புத் தொட்டியிலோ வைத்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகும். பீடி நெருப்பு போதும். பழைய ஜி.ஐ. டிரம்மை இதற்கு எடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும்.

நிரப்பும் குழாயில் இடைவெளி. தண்ணீர் விடும் குழாயின் நுனி தொட்டித் தண்ணீருக்குள் முங்கக் கூடாது. கரண்ட் போய் மோட்டார் நின்று, ஃபுட் வால்வும் ஒழுகினால், தொட்டியில் இருப்பது அப்படியே கிணற்றுக்கு இறங்கும். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. குழாயை ஒரு சாண் மேலே கட்டிவிட்டால் தீர்ந்தது.

கடைசியாக, நல்ல தண்ணீர் கேன். சர்வதேசத் தரநிலை குறைந்தது 15 லிட்டர் கேட்கிறது. கண்ணில் பட்டால் அந்த நிமிடமே கழுவ வேண்டும், கிணற்றுக்கு ஓட நேரமில்லை. நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிற பழக்கத்தையும் இந்தக் கேன் நிறுத்தும். ஒரு பழைய பல் தூரிகையைக் கேனோடு கட்டித் தொங்கவிட்டால் போதும்.

இந்த ஏழுக்கும் ஆகும் செலவு வண்டிச் செலவில் சிறிய பங்குதான். தள்ளிப்போவதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. பம்பு ஓடாவிட்டால் அன்றைக்கே தெரியும். மூடி இல்லாதது என்றோ ஒருநாள்தான் தெரியும்.

முதல் நாள் வெறும் தண்ணீர்

வண்டி தயாரானதும் முதல் நாள் மருந்தே போடாமல் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகல் எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். கூடவே ஒரு கணக்கும் போட்டுவிடலாம். பருத்தியில் நாசில் வரிசை கட்டி அடிப்பதாக வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 4 கி.மீ., அடிக்கும் அகலம் 4 மீட்டர் என்றால் ஓர் ஏக்கர் முடிய சுமார் 15 நிமிடம். எல்லா நாசிலையும் ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்தால் 8 லிட்டர் வருகிறது என்று வைப்போம். ஏக்கருக்கு 120 லிட்டர். 500 லிட்டர் தொட்டி நாலு ஏக்கருக்குக் காணும். அப்படியானால் தொட்டியில் நாலு ஏக்கருக்கான மருந்துதான் போட வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாதவர்கள்தான் "எதுக்கும் ஒரு டப்பா கூடப் போடு" என்பார்கள்.

காற்று முதுகுப் பக்கத்திலிருந்து அடித்தால் பின்னால் வரும் புகை முழுக்க கேபின் இல்லாத டிராக்டர் டிரைவர் மேலேயே வரும். காற்றுக்குக் குறுக்காக ஓட்ட வேண்டும், காலையிலோ சாயங்காலமோ காற்று அடங்கிய நேரத்தில். மாமரத்தில் மேல் நோக்கி அடிக்கிறவருக்கு எல்லாம் முகத்திலேயே இறங்கும். அவருக்குக் கண்ணாடியும் முகமூடியும் கையுறையும் தொப்பியும் வண்டியின் பாகங்கள் மாதிரியே கணக்கில் வர வேண்டும். வாடகை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிவிடலாம்.

தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறல் என்று எது வந்தாலும் வேலையை நிறுத்தி, துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108க்குக் கூப்பிட வேண்டும். போகும்போது மருந்து டப்பாவையும் எடுத்துப் போகணும். என்ன மருந்து என்று லேபிளைப் பார்த்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்தை உடனே ஆரம்பிக்க முடியும்.